எரியுது என்று சொல்லாதவள்

1. சுலோ மிஸ்ஸி இல்லையா?

மனநலப் பிரிவில் என் வேலைக்காலம் பாதிக்கு மேல் கழிந்த பிறகுதான் சுலோ தாதியாக வந்தாள். அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, படுவான்கரைக் கிளினிக்கில் ஒரு பெரியவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “சுலோ மிஸ்ஸி இல்லையா?” என்று கேட்டார். வருடக் கணக்காக அவருக்கு ஊசி போட்டவள் நான். திகதி தவறினால் வயல் வரம்பில் நடந்து வீடு தேடிப் போனவளும் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ இல்லை, நான்தான் இருக்கிறேன், சட்டைக் கையை மடக்குங்கள் என்று சொல்லி ஊசியைப் போட்டேன். வழக்கமாக அவரிடம் மாடு கன்றெல்லாம் விசாரிப்பேன். அன்று விசாரிக்கவில்லை.

இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். சோமாட்டிக் கேஸ் என்றால் என்ன, அதை எப்படி விளங்கிக்கொள்வது என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு நன்றாக விளங்கிய கேஸ் ஒன்றுதான். அதைச் சொல்வதென்றால் என் பொறாமையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சுலோவின் பெயரையும் மாற்றிவிட்டேன். அவளுக்கு இருக்கிற பெயர் போதும்.

செவ்வாய்க்கிழமைகளில் டொக்டரும் சுலோவும் நானும் மருந்துப் பெட்டியோடு வாவியைக் கடந்து அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போவோம். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். முன்பெல்லாம் பாதையில் ஏறினால், ‘மிஸ்ஸி, இதில இரிங்க’ என்று எனக்கு யாராவது இடம் விடுவார்கள். சுலோ வந்த பிறகு அந்த இடம் அவளுக்குப் போனது. அவளோ உடனே எழும்பி, “அக்கா, நீங்க இரிங்க” என்பாள். அவள் விட்டுத் தந்த இடத்தில் உட்காருவதைவிட நின்றே போகலாம் என்று நான் நின்றுகொண்டு போவேன். கரை சேரும்போது முழங்கால் விண்விண் என்று தெறிக்கும்.

அவளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இருந்த பெரிய கரைச்சல்.

2. சொப்பிங் பேக்

தவமணியை மெடிக்கல் கிளினிக்கிலிருந்து எங்களிடம் ரெஃபர் பண்ணியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். எட்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். துணைக்கு அவளுடைய தங்கை செல்வி வந்திருந்தாள். தவமணியின் கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் எண்டொஸ்கோப்பி, ஸ்கேன், ஈ.சி.ஜி., இரத்தம், சலம் என்று எல்லா ரிப்போர்ட்டும் இருந்தன. எல்லாம் நல்ல ரிப்போர்ட்.

தொப்புளுக்கு மேலிருந்து தொண்டைவரை காந்துகிறது என்றாள். வந்தால் சில நேரம் பொழுது சாயும்வரை நிற்கும். அந்த நேரத்தில் சோறு இறங்காது, அடுப்படியில் நிற்க ஏலாது. காஸ்ட்ரிக் மருந்தில் அவள் குடிக்காத வகை இல்லை. கான்சராக இருக்குமோ என்ற யோசனை வேறு. ஒரு ரிப்போர்ட் நல்லது என்று வந்தால் இரண்டு நாள் நிம்மதி, பிறகு அந்த மெஷின் பிழையோ என்று யோசிப்பாள்.

வைத்தியசாலைக்கு வருமுன் மந்திரிக்கும் கட்டாடியாரிடமும் போயிருந்தாள். அவர் நாவூறு என்று நூல் கட்டியிருந்தார். வெளிநாட்டுக் காசில் கல்வீடு கட்டியவள், ஊர்க் கண் பட்டுவிட்டது என்பது வீட்டாரின் முடிவு. அவள்மேல் விழுந்த கண் யாருடையது என்று எல்லோரும் தேடினார்கள். அவளுடைய கண் எங்கே போய் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சுலோதான் அவளை முதலில் பொறுப்பெடுத்தாள். மூச்சுப் பயிற்சி பழக்கினாள், நேரம் எடுத்துப் பேசினாள். குவைத்தில் ஏதோ நடந்திருக்கிறது, அதை இவள் வெளியே விடுகிறாள் இல்லை என்பது சுலோவின் கணிப்பு. டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். தவமணியோ அங்கே ஒரு நோவும் இருக்கவில்லை, வேலை செய்த வீட்டு மடமும் நல்ல மனிசி என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனாலும் சுலோவிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள். வாசலில் கால் வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கண் சுலோவைத் தேடும்.

3. ‘ஒண்டுமில்ல’

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் நடிப்பு அல்ல. ரிப்போர்ட்டில் தெரியவில்லை என்பதற்காக நோவு இல்லை என்று ஆகிவிடாது. பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது வயிற்றைக் கலக்குகிறதே, அது நடிப்பா? கலக்கம் மனதில் தொடங்கினாலும் கலக்குவது வயிறுதான். அதேபோல இந்த ஆட்களுக்கும் உடம்புதான் நோகிறது. நோவும் அந்த நோவைப் பற்றிய யோசனையும் சேர்ந்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். சிலருக்கு வலி, சிலருக்குக் கால் நடக்காது, சிலருக்கு வலிப்பு மாதிரி வரும். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கதையே அகப்படாத கேஸ்கள்தான் எனக்கு அதிகம்.

ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் ஒரு சொல் இருக்கிறது. நல்ல ரிப்போர்ட் வந்தால், ஆளைத் தேற்றுவதற்காக, “உங்களுக்கு ஒண்டுமில்ல அம்மா, சந்தோசமா வீட்ட போங்க” என்போம். ஓ.பி.டி.யில் தொடங்கி மருந்து கொடுக்கும் யன்னல்வரை இதைத்தான் சொல்வோம். தவமணிக்கும் யாரோ ஒரு டொக்டர் அன்பாகத்தான் இதைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்த செல்வி அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தவமணிக்கு ஒரே மகள், கிரிஜா. தாய் குவைத்துக்குப் போகும்போது மூன்றாம் வகுப்பு. இப்போது ஓ.எல். பரீட்சை எடுக்கப் போகிறாள். செல்விக்குப் பிள்ளை இல்லை. எட்டு வருடமும் கிரிஜாவை அவள்தான் வளர்த்தாள். தாய் திரும்பி வந்த பிறகும் கிரிஜா படுப்பதும் படிப்பதும் அடுத்த வளவில், சின்னம்மாவின் வீட்டில்தான். தாய்க்குக் காந்தல் வந்தால் மட்டும் ஓடிவந்து பக்கத்தில் இருந்து கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள்.

‘ஒண்டுமில்ல’ வீட்டுக்குப் போன பிறகு அதுவும் நின்றது. அடுத்த முறை காந்தியபோது கிரிஜா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “அம்மா நடிக்கிறா சின்னம்மா, டொக்டரே ஒண்டுமில்ல எண்டுட்டாராம்” என்று சொல்லி டியூஷனுக்குப் போய்விட்டாள். இதைச் சுலோவிடம் சொல்லி அழுத தவமணி, அதோடு இன்னொன்றும் சொன்னாள். பழைய ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாளாம், அடுத்த மாதம் வெளிநாடு போவதற்கான மெடிக்கல் டெஸ்ட்டாம். குவைத்துக்குப் போனால் காந்தாது என்றாள்.

டொக்டர் தலையில் கை வைத்தார். இன்னும் இரண்டு வருடம் போனால் கிரிஜா தாய்க்கு வெறும் விருந்தாளிதான். அது தவமணிக்கும் தெரியும். தெரிந்தும் போகப் பார்த்தாள்.

4. காந்துது

அடுத்த கிளினிக்குக்குச் சுலோ வரவில்லை. டவுனில் ட்ரெயினிங். அந்த ட்ரெயினிங்குக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன், எடுத்தது அவளை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் அன்று பாதை ஏறினேன்.

சுலோ இல்லாததால் தவமணியை நான் டொக்டரின் முன் இருத்தினேன். பக்கத்துக் கதிரையில் செல்வி. இந்தக் கிழமையும் நெஞ்செல்லாம் எரிகிறதாம் என்று டொக்டரிடம் சொன்னேன். செல்வி தோளில் கிடந்த சோல் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். அவள் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. தவமணியின் முகம் கறுத்துவிட்டது.

“எரியுது எண்டு நான் சொல்லல்ல மிஸ்ஸி. காந்துது எண்டுதான் சொன்னன். மாத்திச் சொல்லாதீங்க.”

டொக்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் ஆங்கிலத்தில் ஒரே சொல்லை எழுதிவிட்டு மேலே போனார். எனக்குப் பேனை நகரவில்லை.

எங்கள் ஊரில் எரிச்சல் என்றால் பொறாமை. ‘அவளுக்கு என்னில எரிச்சல்’ என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒருத்தி நாலு பேருக்கு முன்னால் எரியுது என்றால், ஆரப் பார்த்து என்று யாராவது கேட்டுச் சிரிப்பார்கள். அப்படி இருந்தும் காஸ்ட்ரிக் உள்ளவர்கள் எரியுது என்றுதான் சொல்வார்கள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை. இவள் வந்த நாளிலிருந்து ஒரு முறைகூட அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. வழியில் கிடக்கும் குழியைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

சுலோ இவளோடு எத்தனை மணித்தியாலம் பேசியிருப்பாள்! அவளுடைய காதில் இது விழவில்லை. எப்படி விழும்? அவள் யாரையும் பார்த்து எரிந்தவள் இல்லை, மற்றவர்கள்தான் அவளைப் பார்த்து எரிந்தார்கள். நான் அப்படியா? வீட்டுக்குப் போனால் என் மனுசனிடம், “எனக்கென்ன அவளில எரிச்சலா?” என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதரின் காதைப் புண்ணாக்கியவள். பாம்பின் கால் பாம்பறியும்.

5. நல்லவ எண்டதாலதான்

செல்வியை மருந்து எடுக்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு, தவமணியை ஊசி போடும் அறைக்குக் கூட்டிப் போனேன். ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். உன் நோய்க்குப் பெயர் எரிச்சல் என்று நான் சொன்னால், அது செல்வியின் சிரிப்புக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்ட மாதிரி. அவள் அன்றே எழும்பிப் போய்விடுவாள். ஆகவே அவளுடைய விஷயத்தைத் தொடவில்லை. என்னுடையதைச் சொன்னேன்.

“எனக்குச் சுலோவில சரியான எரிச்சல், தவமணி.”

அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். நீங்களும் வந்தால் அவளைத்தானே தேடுகிறீர்கள் என்று கேட்டேன். ட்ரெயினிங் கதையைச் சொன்னேன். பாதையில் இடம் போன கதையையும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, “அவ நல்லவதானே மிஸ்ஸி” என்று என்னைத் தேற்றினாள்.

“நல்லவ எண்டதாலதான் கூடப் பத்துது. கெட்டவளா இருந்தா ஏசிப்போட்டுப் போயிருப்பன்.”

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. தவமணியின் சிரிப்பு நின்றுபோனது. கட்டில் விரிப்பின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ட தங்கச்சியும் நல்லவதான் மிஸ்ஸி” என்றாள்.

மிச்சத்தை அவளே சொன்னாள். விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் வரும்போது கிரிஜா செல்வியின் தோளில் சாய்ந்துதான் நித்திரை கொண்டாளாம். ஸ்கூலில் கையெழுத்து வேண்டுமென்றால் செல்வியிடம்தான் போவாளாம். பிறகு டெங்கு வந்து கிரிஜாவை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். கட்டிலின் ஒரு பக்கம் தவமணி, மறு பக்கம் செல்வி.

“காய்ச்சல்ல கண் முழிச்சுக் கைய நீட்டினா மிஸ்ஸி. நான் கிட்ட இரிக்கன். அவ அங்கால இரிக்கிற சின்னம்மாவுக்கு நீட்டுறா. நான் இத ஆரிட்டச் சொல்ற? எட்டு வருசம் புள்ளைய வளத்துத் தந்தவவில எரிச்சல் எண்டா ஊர் காறித் துப்பும்.”

அன்றிலிருந்துதானா காந்துகிறது என்று கேட்டேன். தெரியாது, அதற்கு முதலேயும் இருந்திருக்கலாம் என்றாள். கதை என்றால் அன்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். நோய் அப்படி வசதியாக வருவதில்லை. ஆனால் குவைத்தில் ஏன் காந்தவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. அங்கே அவள் மகளைப் பிரிந்து இருந்தாள். இங்கே மகள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

6. நோவு வராத நாள்

தவமணியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு டொக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஏன் சுலோவுக்கு இது தெரியவில்லை என்று கேட்டு என் மனதைக் குளிரவைத்தார்.

அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, தவமணிக்கு மாதத்தில் முதல் செவ்வாயை நிரந்தரமாகக் கொடுத்தார். காந்தினாலும் வர வேண்டும், காந்தாவிட்டாலும் வர வேண்டும். புதிதாக ஏதாவது தெரிந்தால் ஒழிய வேறு டெஸ்ட் கிடையாது, வேறு டொக்டரும் கிடையாது. நோவு இருந்தால்தான் ஆளைக் கவனிப்பார்கள் என்ற கணக்கு உடம்புக்குள் பதிந்துவிட்டால், நோவு போக வழி இல்லை என்றார்.

மற்றது, கிரிஜாவையும் செல்வியையும் கூப்பிட்டார். எரிச்சல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒண்டுமில்ல என்று நாங்கள் சொன்னது பிழை என்றார்.

“அம்மா நடிக்கல்ல. அவவுக்கு நோகுது, அது உண்மை. ஆனா நோவு வந்த உடன ஓடி வராதீங்க. நோவு வராத நாள்ல வாங்க.”

கிரிஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. புதன் டியூஷன் முடிந்து தாய் வீட்டில் சாப்பாடு, சனி முழுநாளும் தாய் வீடு, அன்று தலைக்கு எண்ணெய் வைத்து முழுக்கு என்று முடிவாயிற்று. தாய் படுத்துக் கிடந்தாலும் அவள் வர வேண்டும், துள்ளித் திரிந்தாலும் வர வேண்டும். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

முதல் சனிக்கிழமைகளில் கிரிஜா போனை நோண்டிக்கொண்டே இருந்தாளாம். தவமணிக்கு அந்த நாட்களில் பார்த்துத்தான் கூடக் காந்தியதாம். எண்ணெய் வைக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லையாம். ஏஜென்சிக்காரன் மெடிக்கலுக்குக் கூப்பிட்டபோது, இந்த மாதம் ஏலாது, அடுத்த மாதம் பார்ப்போம் என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. காந்தல் போகவில்லை, ஆனால் அடுப்படியில் நிற்க விட்டது. சனிக்கிழமை கணவாய்க் கறி வேண்டும் என்று மகள் கேட்டதை ஒரு கிளினிக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ட்ரெயினிங் முடிந்து வந்த சுலோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அக்காதான் கண்டுபிடித்தா என்று பாதையில் வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். கேட்டவர்கள், சுலோ மிஸ்ஸிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

7. எனக்கும் ஒரு நாள்

மாரி மழை விட்ட பிறகு ஒரு செவ்வாய் செல்வி தனியாக வந்தாள். வலது கை விரல்கள் விறைக்கிறதாம். தேங்காய் திருவினால் பாதியில் பிடி விட்டுப் போகிறதாம். நரம்பு டெஸ்ட் எல்லாம் செய்தாயிற்று, எல்லாம் நல்லது என்று மெடிக்கல் கிளினிக்கில் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். எட்டு வருடம் தினமும் காலையில் ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிய கை. அவளிடம் எதுவும் கேட்குமுன் அவளே சொன்னாள்.

“சனிக்கிழமைல வேலிக்கு அங்கால சிரிப்புக் கேக்குது மிஸ்ஸி. நல்லம்தானே. அவட புள்ளதானே.”

சொல்லிவிட்டு மற்றக் கையால் கண்ணைத் துடைத்தாள். டொக்டரும் நானும், படித்தவர்கள், மேசையைச் சுற்றியிருந்து புதனையும் சனியையும் தவமணிக்குக் கொடுத்தோம். அந்த நாட்கள் யாருடைய கையிலிருந்து போகின்றன என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு நோயாளி என்று பதிந்தோம், பதிந்த ஆளை மட்டும் பார்த்தோம். பிள்ளைகளே, சோமாட்டிக் கேஸ் என்று ஒருவரை அனுப்பினால், கூட வந்து பக்கத்துக் கதிரையில் தலையாட்டிக்கொண்டு இருப்பவரையும் பாருங்கள். நான் இந்த வேலையில் படித்தது இதுதான்.

அன்று சுலோவும் இருந்தாள். அவளுடைய மேசைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. சுலோ மிஸ்ஸி நன்றாகப் பேசுவா, அவவிடம் விடட்டா என்று செல்வியிடம் கேட்டேன்.

“வேணாம். அக்காவப் பார்த்த நீங்கதான் வேணும். அவவுக்கு மாசத்துக்கு ஒரு நாள் குடுத்திரிக்கீங்கதானே? எனக்கும் ஒரு நாள் தாங்க.”

சுலோவை வேண்டாம் என்று சொல்லி என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அந்தச் சந்தோசம் எனக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது நான் இல்லை, அக்காவுக்குக் கிடைத்த ஒன்று. அது எப்படிப்பட்ட தேவை என்று எனக்குத் தெரியாதா?

அவளுக்கும் முதல் செவ்வாயையே கொடுத்தேன். அக்காவும் தங்கையும் ஒன்றாக வரட்டும் என்று நினைத்தேன். துண்டில் எழுதும்போது அவள் குனிந்து பார்த்தாள்.

“அக்காவுக்கு எத்தின மணிக்கு மிஸ்ஸி?”

ஒன்பது மணிக்கு என்றேன்.

“அப்ப எனக்கு எட்டரைக்குப் போடுங்க.”